நெற்றியைப் பார்த்து ஓட்டைச் சொல்லும் கணக்கு

கிருஷ்ணகிரியில் தருமபுரி பஸ் ஏறினால், காரிமங்கலம் வருவதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் மூன்று கேள்வி கேட்டு முடித்திருப்பார். "எந்த ஊருங்க?" "ஊர்ல எந்தப் பக்கம்?" "உங்க பேரு?" பதில் அப்துல் என்றோ ஆரோக்கியசாமி என்றோ வந்தால், அடுத்து நேராகத் தீர்ப்புதான்: "அப்ப உங்க ஓட்டு அவங்களுக்குத்தான்." நெற்றி நிறைய விபூதியும் நடுவில் குங்குமமுமாக உட்கார்ந்திருப்பவருக்கும் இதே உபசாரம் உண்டு, கட்சியின் பெயர் மட்டும் மாறும். சாமி கும்பிடுவதில்லை என்று சொன்னவரும் தப்ப முடியாது. அவருக்கென்று ஒரு கட்சியை ஊர் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறது.

கேட்டவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லாமலே இருக்கலாம், பேச்சுத் துணைக்குக் கேட்டிருப்பார். ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவரின் மதத்தையும், அதன் வழியே அவருடைய அரசியலையும், அதன் வழியே அவருடைய குணத்தையும் முடிவு கட்டிவிட்டார். பேச்சு வழக்கில் இதைத்தான் முத்திரை குத்துவது என்கிறோம். இது எப்படி உண்டாகிறது, எந்த இடத்தில் பிசகுகிறது, குத்தப்பட்டவர் என்ன செய்யலாம் என்பதை இங்கே பார்க்கலாம்.

முதலில் மூன்று விஷயங்களைக் கலக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். "அவங்க எல்லாம் இப்படித்தான்" என்று மனதில் இருக்கும் படம் ஒன்று. அந்தப் படத்தோடு சேர்ந்து வரும் எரிச்சல், பயம், வெறுப்பு இன்னொன்று. அதை வைத்து வீடு தர மறுப்பது, வேலைக்கு எடுக்காமல் விடுவது போன்ற செயல் மூன்றாவது. படம் மட்டும் இருந்து வெறுப்பு இல்லாதவர்கள் ஏராளம். வெறுப்பு துளியும் இல்லாமல், "எதுக்கு வம்பு" என்ற ஒரே காரணத்துக்காக வீடு தர மறுப்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் வெறுப்பு என்று ஒரே பெயரில் எழுதினால், பேசித் தீர்க்கக்கூடியதையும் சண்டையாக்கிவிடுவோம்.

நான்கு தாவல்கள்

பஸ்ஸில் நடந்ததைப் பிரித்துப் பார்த்தால் அது நான்கு தாவல். கண்ணில் பட்ட அடையாளத்திலிருந்து மதத்துக்கு ஒரு தாவல். மதத்திலிருந்து "அந்த மதத்துக்காரர் இப்படித்தான் நினைப்பார்" என்பதற்கு இரண்டாவது. அங்கிருந்து கட்சிக்கு மூன்றாவது. கட்சியிலிருந்து "இவர் இப்படிப்பட்ட ஆள்" என்பதற்கு நான்காவது. தாவுகிறவருக்கு நான்கும் ஒரே எட்டு மாதிரித் தெரியும், அதுதான் சிக்கல்.

முதல் தாவலிலேயே வழுக்குவதற்கு நம் பக்கம் நிறைய வாய்ப்பு உண்டு. கார்த்திகை மாதம் தருமபுரி நான்கு ரோட்டில் கருப்புச் சட்டையோடு ஒருவர் நிற்கிறார். கழுத்தில் மாலை இருந்தால் ஐயப்ப பக்தர், இல்லாவிட்டால் பெரியார் இயக்கத்துக்காரர் என்று ஊர் நினைக்கும். வெறுமனே கருப்பு பிடிக்கும் என்பதற்காகச் சட்டை எடுத்தவரும் அங்கே நிற்கலாம். பச்சையும் அப்படித்தான். பச்சைத் துண்டு விவசாயச் சங்கத்துக்காரர் தோளில் கிடக்கும், பச்சை வேட்டி பழனிக்குப் பாதயாத்திரை போகும் முருக பக்தர் கட்டுவது, பச்சைத் துணி தர்காவில் போர்த்துவது. பெயர்களைச் சொல்லவே வேண்டாம். ராஜா, மணி, சாந்தி, செல்வி, அன்பு என்ற பெயர்களை வைத்து இந்த இரண்டு மாவட்டத்தில் யாருடைய மதத்தையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பேசும் மொழியும் ஏமாற்றும். கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதியில் வீட்டுக்குள் தக்கனி உருதும், கடைவீதியில் தமிழும், எல்லையோரச் சந்தையில் கன்னடமோ தெலுங்கோ பேசுவது சாதாரணம். கிருஷ்ணகிரியைச் சுற்றி அன்று பாரா மகால் என்று அழைக்கப்பட்ட பகுதி மைசூர் ஆட்சியில் இருந்து, 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி ஆங்கிலேயர் கைக்குப் போனது. பல தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பத்துப் பிள்ளையிடம் "தமிழ் நல்லா பேசுறீங்களே!" என்று பாராட்டுபவர் பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறார். கேட்கிறவருக்கோ "நீ வெளியூர்க்காரன்" என்றுதான் காதில் விழும்.

இரண்டாவது தாவல் ஒரு மதத்தை ஒரே அச்சாகப் பார்ப்பது. தமிழ்நாடு அரசின் பிற்படுத்தப்பட்டோர் (முஸ்லிம்) பட்டியலை எடுத்தாலே அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தரும் மரைக்காயரும் அடங்கிய லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் என்று ஏழு பிரிவு இருக்கிறது. இவர்களில் தமிழ் வீட்டு மொழியாக உள்ளவர் உண்டு, உருது உள்ளவர் உண்டு, தெலுங்கு உள்ளவரும் உண்டு. கிறிஸ்தவர் என்றால் கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று வழிபாடே வேறு வேறு. கோவிலூர், எலத்தகிரி போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்களாக இருக்கும் குடும்பத்தாரிடம்கூட "மாறுறதுக்கு எவ்வளவு குடுத்தாங்க?" என்று விளையாட்டுப் போலக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தாத்தாவுக்குத் தாத்தா ஞானஸ்நானம் வாங்கியதற்கு இன்றைய பேரன் ரசீது காட்ட வேண்டியிருக்கிறது. இந்து என்றாலும் அப்படித்தான். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுபவரும், வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாதவரும், மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிறவரும் ஒரே சொல்லுக்குள்தான் அடங்குகிறார்கள்.

மூன்றாவது தாவல்தான் அதிகம் பேசப்படுவது, கைவசம் கணக்கு இருப்பதால் சோதித்துப் பார்க்கவும் எளிது. தருமபுரி மக்களவைத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். 2014-இல் பாமக, 2019-இல் திமுக. அதே தொகுதிக்குள் வரும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் 2021-இல் அதிமுக, பாமக கூட்டணிக்குப் போயின. 2024-இல் மறுபடி திமுக. இந்தப் பத்து வருடத்தில் ஊரின் மதமும் மாறவில்லை, சாதியும் மாறவில்லை. ஓட்டு மாறியது. பக்கத்தில் கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் 2021-இல் சரிபாதியாகப் பிரிந்தன: கிருஷ்ணகிரி, வேப்பனப்பள்ளி, ஊத்தங்கரை அதிமுகவுக்கு, பர்கூர், ஓசூர் திமுகவுக்கு, தளி திமுக கூட்டணியில் இருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு. கிருஷ்ணகிரி சட்டமன்றத் தொகுதியில் வித்தியாசம் வெறும் 794 ஓட்டு. தளியில் கம்யூனிஸ்டுக்கு ஓட்டுப் போட்டவர்கள் எல்லாரும் சாமி கும்பிடாதவர்கள் என்று அந்தப் பக்கம் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்.

இன்னும் பழைய சான்று வேண்டுமென்றால் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவரைப் பார்க்கலாம். ராஜாஜி ஆழ்ந்த வைணவ பக்தர், பிராமணர், காங்கிரஸின் பெருந்தலைவர்களில் ஒருவர். 1959-இல் காங்கிரஸை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967 தேர்தலில், பகுத்தறிவு இயக்கத்திலிருந்து வந்த திமுகவோடு கூட்டணி வைத்தார். அதே கூட்டணியில் காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீக்கும் மார்க்சிஸ்டுகளும் இருந்தார்கள். அந்த மேடையில் இருந்தவர்களின் நெற்றியைப் பார்த்துக் கட்சியைச் சொல்லியிருந்தால் ஒருவருக்கும் சரியாக வந்திருக்காது.

இங்கே ஒரு நேர்மை வேண்டும். குழுக்களுக்கிடையே ஓட்டுப் போக்கில் வித்தியாசமே இல்லை என்பது பொய். சில கட்சிகளுக்குச் சில சமூகத்தில் ஆதரவு அதிகம், சிலவற்றில் குறைவு. கட்சிகளே அதைக் கணக்கிட்டுத்தான் வேட்பாளரை நிறுத்துகின்றன. ஊரைப் பற்றிய அந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே இருக்கலாம். அதை எடுத்து வந்து பக்கத்து இருக்கையில் இருக்கும் ஒற்றை ஆளின் தலையில் வைக்கும்போதுதான் பிசகு.

நான்காவது தாவலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "அந்தக் கட்சிக்காரனா, அப்ப தேசத் துரோகி", "இந்தக் கட்சிக்காரனா, அப்ப மதவெறியன்". இரண்டும் ஒரே பட்டறையில் செய்தவை.

கணக்காகப் பார்த்தால்

ஒவ்வொரு தாவலும் நூற்றுக்கு எண்பது சரி என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். முதல் தாவலுக்குப் பின் சரியாக இருக்க வாய்ப்பு 80. இரண்டுக்குப் பின் 64. மூன்றுக்குப் பின் 51. நான்கும் முடிந்ததும் 41. அதாவது, ஒவ்வொரு படியிலும் நல்ல கெட்டிக்காரராக இருந்தும், முடிவு தப்பாகும் வாய்ப்பே அதிகம். காசைச் சுண்டிப் பார்த்திருந்தால்கூடப் பாதியாவது தேறியிருக்கும்.

இன்னொரு தப்பு, விகிதத்தைத் தலைகீழாகப் படிப்பது. ஒரு பேரூராட்சியில் 1,000 வாக்காளர்கள் இருப்பதாக ஒரு கற்பனைக் கணக்கு. அதில் 100 பேர் ஒரு சிறுபான்மை மதத்தவர். அந்த நூறு பேரில் 70 பேர் 'அ' கட்சிக்குப் போடுகிறார்கள். மீதி 900 பேரில் 400 பேர் அதே கட்சிக்குப் போடுகிறார்கள். இப்போது 'அ' கட்சிக்கு மொத்தம் 470 ஓட்டு. "அது அவங்க கட்சி" என்று டீக்கடையில் பேச்சு ஓடும். ஆனால் அந்த 470-இல் "அவங்க" 70 பேர்தான், நூற்றுக்குப் பதினைந்து. மிச்ச எண்பத்தைந்து பேர் பேசுகிறவரின் சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள்! மறுபக்கம், அந்த நூறு பேரில் 30 பேர் வேறு கட்சிக்குப் போட்டிருக்கிறார்கள், அவர்கள் யார் கணக்கிலும் வருவதில்லை.

இந்த மயக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்காவில் அஹ்லர், சூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அங்குள்ள இரண்டு பெரிய கட்சிகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று மக்களைக் கேட்டார்கள். குடியரசுக் கட்சியினரில் நூற்றுக்கு 38 பேர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் என்று சராசரியாகச் சொன்னார்கள். உண்மை 2 பேர்தான். ஒரு கட்சியோடு எந்த வகை ஆட்களைச் சேர்த்துப் பேசிப் பழகுகிறோமோ, அந்த வகை ஆட்களால் மட்டுமே அந்தக் கட்சி நிறைந்திருப்பதாகத் தோன்றிவிடுகிறது.

மனம் ஏன் இப்படிச் செய்கிறது

ஹென்றி தாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக ஆண்டுக்கணக்கில் கிடந்தவர். பின்னர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உளவியல் பேராசிரியரானார். 1970-இல் அவர் வெளியிட்ட சோதனை எளிமையானது. 14, 15 வயதுப் பையன்கள் 64 பேரிடம், திரையில் மின்னிய புள்ளிகள் எத்தனை என்று கேட்டார். "நீ அதிகமாக மதிப்பிடும் குழு, நீ குறைவாக மதிப்பிடும் குழு" என்று பிரித்தார். பிரித்தது உண்மையில் கைக்கு வந்தபடிதான். அதன் பிறகு மற்றவர்களுக்குச் சிறு தொகைகளைப் பங்கிடச் சொன்னபோது, யார் என்றே தெரியாத, ஆனால் தன் குழு என்று சொல்லப்பட்ட பையனுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். பிறகு ஓவியர்களின் பெயரில் குழு பிரித்துச் செய்த சோதனையில் இன்னும் விசித்திரம்: தன் குழுவுக்கு மொத்தத்தில் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட அதிகம் கிடைத்தால் போதும் என்று பங்கிட்டார்கள். புள்ளி எண்ணியதற்கே இப்படி என்றால், கோயிலும் மசூதியும் தேவாலயமும் கொடிக்கம்பமும் சேரும்போது கேட்கவா வேண்டும்?

1976-இல் ஹாமில்டன், கிஃபோர்டு என்ற இருவர் செய்த சோதனை, சிறுபான்மையினர் மேல் ஏன் கெட்ட பெயர் சீக்கிரம் ஒட்டுகிறது என்பதைக் காட்டுகிறது. ஒரு பெரிய குழுவைப் பற்றி 26 வாக்கியம் படிக்கக் கொடுத்தார்கள், 18 நல்ல செயல், 8 கெட்ட செயல். ஒரு சிறிய குழுவைப் பற்றி 13 வாக்கியம், 9 நல்லது, 4 கெட்டது. விகிதம் இரண்டிலும் ஒன்றே. படித்தவர்களோ சிறிய குழுவைத்தான் மோசமாக மதிப்பிட்டார்கள், கெட்ட செயல்களில் அதன் பங்கு அதிகம் என்று நினைவில் வைத்திருந்தார்கள். காரணம், அபூர்வமாகக் கண்ணில் படும் ஆட்களும் அபூர்வமாக நடக்கும் செயலும் சேர்ந்து வரும்போது அது மனதில் ஆழமாகப் பதிந்துவிடுகிறது.

இதை நம் மாவட்டத்துக்குக் கொண்டு வந்து பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இந்துக்கள் நூற்றுக்கு 87.6, கிறிஸ்தவர்கள் 6.1, முஸ்லிம்கள் 5.9. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் வாழும் ஒருவர் வருடத்துக்கு ஒரு கையளவு முஸ்லிம்களோடுதான் நேரில் பேசியிருப்பார். ஆனால் கைப்பேசியில் தினமும் அவர்களைப் பற்றி ஏதாவது வந்துகொண்டே இருக்கும், அதில் பெரும்பாலும் கெட்ட செய்தி. நேரில் பார்த்த மாட்டு வியாபாரி, டெய்லர், பிரியாணிக் கடைக்காரர் எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனால் "அவர் வேற, மத்தவங்க வேற".

இந்த "அவர் வேற" என்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். "நீங்க மத்தவங்க மாதிரி இல்லீங்க பாய்" என்பது நட்போடு சொல்லப்படுவது. அதில் நடப்பது என்னவென்றால், மனதில் இருந்த படத்துக்கு எதிராக ஒரு ஆள் வந்ததும், படத்தைத் திருத்தாமல் அந்த ஆளை விதிவிலக்கு என்று தனிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். இப்படி நூறு நல்ல ஆட்களைச் சந்தித்தாலும் நூறு விதிவிலக்குதான் சேரும், படம் அப்படியே இருக்கும்.

குத்தப்பட்டவருக்கு என்ன ஆகிறது

பெரிய அவமானத்தைவிட, தினசரிச் சில்லறைதான் ஆளைக் களைப்பாக்குகிறது. வங்கிக் கவுண்டரில் பர்தா போட்ட பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பின்னால் நிற்கும் கணவரிடம் கேட்கிறார்கள், கையெழுத்தையோ அவர் நன்றாகவே போடுகிறார். இந்தியா பாகிஸ்தான் கிரிக்கெட் நடக்கும் நாளில் அலுவலகத்தில் ஒரே ஒரு முஸ்லிம் இளைஞரின் முகத்தை நாலு பேர் பார்க்கிறார்கள். படித்தவர்கள் கூடும் இடத்தில் சந்தனப் பொட்டு வைத்தவரைப் பார்த்ததும் பேச்சு அடங்குகிறது, அவர் வாய் திறக்கும் முன்பே "இவர் என்ன சொல்வார்னு தெரியும்" என்ற பார்வை. எங்கோ ஒரு சம்பவம் நடந்தால், "உங்க ஆளுங்க ஏன் இப்படிப் பண்றாங்க?" என்று ஒருவரை ஒரு சமூகத்தின் பேச்சாளராக நிறுத்திவிடுகிறார்கள்.

இதற்கு ஆட்கள் எடுக்கும் வழிகளில் இரண்டு, நாள் போகப்போகத் தொல்லை தரும். ஒன்று, மிகையாக நிரூபிப்பது: யாரும் கேட்காமலே தன் சமூகத்தைத் திட்டிப் பேசுவது, நெற்றியைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போவது, பெயரைச் சுருக்கிக்கொள்வது. இதில் அடுத்த முறை இன்னும் பெரிய சான்று கேட்பார்கள். இரண்டாவது, பதிலுக்கு முத்திரை குத்துவது. "நீ இந்த ஜாதி, உன் கட்சி எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றதும் எதிராளிக்குத் தான் நினைத்தது சரி என்று ஆகிவிடும்.

இடத்துக்கு ஏற்ற பதில்

பஸ், டீக்கடை, கல்யாணப் பந்தி போன்ற இடத்தில் ஒரே ஒரு கேள்வி போதும்: "எதை வச்சு அப்படிச் சொல்றீங்க?" குரலில் சூடு இருக்கக் கூடாது, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருக்க வேண்டும். இந்தக் கேள்வி எதிராளியைத் தன் தாவலைத் தானே எண்ணிப் பார்க்க வைக்கிறது. பாதிப் பேர் "இல்ல, சும்மா சொன்னேன்" என்று இறங்கிவிடுவார்கள். ஒரு முறைதான் கேட்க வேண்டும், இரண்டாவது முறை கேட்டால் அது வாதம். பேச்சை வளர்க்க விருப்பமில்லை என்றால், "ஓட்டு ரகசியம்ங்க, வீட்லயே சொல்றதில்ல" என்று சிரித்துவிட்டு மாங்காய் விலைக்குப் போய்விடலாம். இது வெறும் சாமர்த்தியப் பதில் அல்ல. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 94-ஆம் பிரிவு.

பேச்சைத் தொடர நினைத்தால், நான்கில் எந்தத் தாவலில் அவர் வழுக்கினாரோ அதை மட்டும் பிடிக்க வேண்டும். "நான் முஸ்லிம்தான், ஆனா ஓட்டை வேட்பாளரைப் பாத்துத்தான் போடுவேன்" என்பது மூன்றாவது தாவலுக்கு மட்டும் பதில். அதோடு சேர்த்து மதத்தின் வரலாறு, தேசபக்தி, தாத்தா ராணுவத்தில் இருந்தது எல்லாவற்றையும் எடுத்து வைத்தால், எதிராளி தனக்கு வசதியான ஒன்றைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் இழுத்துவிடுவார்.

"உங்க ஆளுங்க" கேள்விக்கு: "செய்தியில நீங்க பாத்ததுதான் நானும் பாத்தேன். அதுக்கு மேல எனக்கும் தெரியாது." கண்டனம் சொல்லத் தோன்றினால் சொல்லலாம், ஆனால் ஒரு மனிதராகச் சொல்ல வேண்டும், சமூகத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்கும் தொனியில் வேண்டாம்.

வாடகை வீடு வேறு கதை. போனில் "வந்து பாருங்க" என்றவர் பெயரைக் கேட்டதும் "வீடு முடிஞ்சுடுச்சுங்க" என்பார். மதத்தைக் காரணம் காட்டித் தனிநபர் தன் வீட்டை வாடகைக்குத் தர மறுப்பதைத் தண்டிக்க நேரடிச் சட்டம் கிடையாது. அதனால் நடைமுறையில், முதல் போனிலேயே முழுப் பெயரைச் சொல்லிவிடுவது அலைச்சலைக் குறைக்கும். இது நியாயமில்லைதான், பஸ் செலவாவது மிச்சமாகும். நேரில் தயங்குபவரிடம், "உங்க கவலை சமையலா, விருந்தாளியா, வாடகை நேரத்துக்கு வருமாங்கறதா?" என்று உடைத்துக் கேட்கலாம். பெயர் சொல்ல முடியாத பயம் பெயர் சொல்லக்கூடிய நிபந்தனையானால் பேச முடியும். பழைய வீட்டுக்காரரின் சம்மதத்தோடு அவர் எண்ணைக் கொடுப்பது பெரும்பாலும் வேலை செய்யும். இரண்டு மடங்கு அட்வான்ஸ் தருகிறேன் என்று மட்டும் ஆரம்பிக்கக் கூடாது, அடுத்து வருபவருக்கும் அதுவே விலையாகிவிடும்.

ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் இது தினமும் நடந்தால், நாள், நேரம், சொன்ன வார்த்தை அப்படியே, உடன் இருந்தவர் யார் என்ற நான்கையும் அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். "எப்பவும் கிண்டல் பண்றாங்க" என்ற புகார் நிற்காது, தேதியோடு சொன்ன ஒரு வாக்கியம் நிற்கும். 20 பேர் அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம்.

கூட இருப்பவர் சொல்லும் ஒரு வரிக்கு, குத்தப்பட்டவர் பேசும் பத்து வரியைவிட எடை அதிகம். "அவரு ஓட்டு அவரு விஷயம்ண்ணே, விடுங்க." அதே மதத்தவர் சொன்னால் "சப்போர்ட்டுக்கு வர்றான்" என்பார்கள், வேறு மதத்தவர் சொன்னால் பேச்சு அங்கேயே நிற்கும்.

எது சட்டத்துக்குள் வரும்

தப்பாக ஊகிப்பது குற்றம் அல்ல, மரியாதைக் குறைவு மட்டும்தான். கடை, உணவகம், பொதுக் கிணறு, குளம் போன்ற இடங்களில் மதத்தைக் காட்டித் தடுப்பதை அரசமைப்பின் 15(2) தடை செய்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், மத உணர்வைப் புண்படுத்த வேண்டுமென்றே பேசுவது பிரிவு 302, ஓராண்டு வரை சிறை. சண்டை மூட்டும் நோக்கோடு அவமதிப்பது பிரிவு 352, இரண்டாண்டு வரை. மதங்களுக்கிடையே பகை வளர்ப்பது பிரிவு 196, மூன்றாண்டு வரை. முதல் இரண்டையும் நீதித்துறை நடுவர் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. அதனால் காவல் நிலையத்தில் முதலில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் கிடைக்கும், அதை வாங்காமல் வரக் கூடாது. மூன்றாவதில் வழக்குப் பதிய மறுத்தால், புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் நடுவரிடம் போகலாம். தமிழ்நாடு மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கும் மனு கொடுக்கலாம், அது 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குவது.

பழகினால் போதுமா

"கலந்து பழகினா சரியாயிடும்" என்பார்கள். பாதி சரி. 1954-இல் கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், பழக்கம் முன்முடிவைக் குறைக்க நான்கு நிபந்தனை வைத்தார்: இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும், ஒரே இலக்கு இருக்க வேண்டும், சேர்ந்து உழைக்க வேண்டும், அதற்கு மேலிடத்தின் ஆதரவு இருக்க வேண்டும். 2006-இல் பெட்டிக்ரூ, டிராப் இருவரும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பழக்கம் பொதுவாக உதவுகிறது, இந்த நிபந்தனைகள் சேர்ந்தால் கூடுதலாக உதவுகிறது என்று கண்டார்கள்.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எல்லா மதத்தவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். அது விற்பவர், வாங்குபவர் உறவு. பேரம் முடிந்ததும் பழக்கமும் முடிந்தது. ஆல்போர்ட்டின் நான்கும் சேர்ந்து வரும் இடம் மகளிர் சுயஉதவிக் குழு. தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியதே அன்றைய ஒருங்கிணைந்த தருமபுரி மாவட்டத்தில்தான். எல்லாரும் ஒரே தொகை சேமிக்கிறார்கள், கடனுக்கு எல்லாரும் பொறுப்பு, ஒருவர் தவணை தவறினால் அனைவரும் பதில் சொல்ல வேண்டும், அரசும் வங்கியும் பின்னால் நிற்கின்றன. அடுத்த வீட்டுப் பெண் எந்தக் கட்சி என்பதைவிட இந்த மாதத் தவணையைக் கட்டுவாளா என்பதுதான் அங்கே கேள்வி.

ஆனால் குழுவைத் தெரு வாரியாக அமைப்பது வழக்கம். நம் ஊர்த் தெருக்கள் பெரும்பாலும் ஒரே சாதி, ஒரே மதம். அதனால் குழுவும் ஒரே நிறமாகிவிடும், நான்கு நிபந்தனை இருந்தும் பயன் இல்லை. புதிதாகக் குழு அமைப்பவர்கள் இரண்டு தெருக்களைச் சேர்த்து எடுத்தால் இது மாறும். ஒருவரை மட்டும் வேறு மதத்திலிருந்து சேர்க்கக் கூடாது, அவர் விதிவிலக்காக ஒதுக்கப்படுவார். மூன்று நான்கு பேராவது வேண்டும். கணக்குப் புத்தகம் எழுதும் பொறுப்பும் சுழற்சியில் அவர்களுக்கு வர வேண்டும். கூட்டம் கூடும் நாளையும் யோசித்து வைக்க வேண்டும். ஞாயிறு காலை ஆராதனை, வெள்ளி நண்பகல் ஜும்மா தொழுகை, செவ்வாய் வெள்ளி மாலைகளில் அம்மன் கோயில். புதன் அல்லது வியாழன் மாலை ஆறு மணிக்குப் பெரும்பாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.